காதிரைச்சலுக்கு ஓர் ஒலிப்பெட்டி, கண்கூச்சத்துக்கு ஓர் இளஞ்சிவப்புக் கண்ணாடி: பதினான்கு மாதங்களுக்குப் பின்

எங்கள் வீட்டில் மார்கழி பிறந்தால் இரவில் மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். மற்றப் பதினொரு மாதங்களும் அந்த மின்விசிறியின் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ளும் என் காதிரைச்சல், அந்த ஒரு மாதம் மட்டும் தனியாக நின்று கேட்கும். பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு நடந்த மார்கழியில் தொடர்ந்து நான்கு இரவுகள் தூங்காமல் கிடந்த பிறகுதான், அப்பா இணையத்தில் தேடி இரண்டு பொருள்களை வாங்கித் தந்தார். ஒன்று, தலைமாட்டில் வைத்துக்கொள்ளும் ஒலிப்பெட்டி. விலை 2,350 ரூபாய். மற்றொன்று, எஃப்எல்-41 என்ற இளஞ்சிவப்பு நிறம் ஏற்றிய மூக்குக்கண்ணாடி. விலை 3,200 ரூபாய். இரண்டையும் வீட்டில் எட்டு மாதமும் கல்லூரி விடுதியில் ஆறு மாதமும் பயன்படுத்தியிருக்கிறேன். என்னைப் போன்ற பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு என்பதால் இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் நிறுவனங்களின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே அமைப்பில் பல பெயர்களில் இவை விற்பனைக்குக் கிடைக்கின்றன.

எனக்கு இருப்பது என்ன என்று சொன்னால்தான் மதிப்பீடு புரியும். ஆத்தா வீட்டில், 2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த வண்ணத் தொலைக்காட்சிகளில் ஒன்று வெகுநாள் இருந்தது. கேபிள் இணைப்பு அறுந்துபோனால் அதன் திரை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் ஓடும். கூடவே ‘ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சலும் வரும். பதினான்கு வயதிலிருந்து என் கண்ணும் காதும் அப்படித்தான் இருக்கின்றன. சுவரைப் பார்த்தாலும் வானத்தைப் பார்த்தாலும், இருட்டில் கண்ணை மூடிக்கொண்டாலும், பார்வைப் பரப்பு முழுவதும் மிக நுண்ணிய புள்ளிகள் கொதித்துக்கொண்டே இருக்கும். காதில் கேட்பது தொலைக்காட்சி இரைச்சலைவிடக் கூர்மையானது. செவித்திறன் பரிசோதனையில் அது 6,000 ஹெர்ட்ஸ் சுருதியோடு பொருந்தியது. கண்ணில் இருப்பதற்கு விஷுவல் ஸ்னோ என்று பெயர். அந்தப் பெயர் எங்களுக்குத் தெரியவர ஒன்றரை ஆண்டு ஆனது.

அந்த ஒன்றரை ஆண்டில் கண் மருத்துவர் விழித்திரை முதல் கண் அழுத்தம் வரை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கண் நன்றாக இருக்கிறது என்றார்; காது மருத்துவர் செவிப்பறையைப் பார்த்துவிட்டுக் காது நன்றாக இருக்கிறது என்றார். இருவர் சொன்னதும் உண்மைதான். கோளாறு கண்ணிலோ காதிலோ இல்லை. அவை அனுப்புவதை மூளை கையாளும் விதத்தில் இருக்கிறது. மூளையில் பார்வைக்குரிய பின்பகுதியில் லிங்குவல் கைரஸ் என்ற இடம் இத்தகையவர்களுக்கு அளவுக்கு மீறி இயங்குவதை 2014-ல் வந்த ஆய்வு காட்டியது. அதே ஆண்டில்தான், புள்ளிகள் மூன்று மாதத்துக்கு மேல் இடைவிடாமல் இருப்பதோடு, பார்த்த உருவம் கண்ணில் தங்கிவிடுதல், கண்ணுக்குள் மிதப்பவை மிகையாகத் தெரிதல், வெளிச்சம் கூசுதல், இரவில் பார்வை தடுமாறுதல் ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்ற வரையறை முன்வைக்கப்பட்டது. 2018-ல் பன்னாட்டுத் தலைவலி வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பில் பின்னிணைப்பாக இது இடம்பெற்றது. இந்தப் பார்வை உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் காதிரைச்சலும் சேர்ந்தே இருக்கிறது என்பதை நரம்பியல் மருத்துவர் சொன்னபோது, அம்மா முதல்முறையாக அவர் எதிரிலேயே அழுதார். இரண்டும் என் கற்பனை இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்ட நிம்மதியில் வந்த அழுகை அது.

இனி ஒலிப்பெட்டி. உள்ளங்கையில் அடங்கும் உருண்டை. எடை ஒரு மாம்பழத்துக்கு மேல் இராது. இருபத்துநான்கு ஒலிகள் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். மழை, அருவி, கடலலை, குருவிகள், ரயில், தாலாட்டு என்று போகும் அந்தப் பட்டியலில் எனக்குப் பயன்பட்டவை மூன்று: வெண்ணிரைச்சல் என்ற சீரான ‘ஸ்ஸ்’, அதைவிடத் தணிந்த சுருதியுள்ள பழுப்பிரைச்சல், மின்விசிறி ஓசை. வாங்கிய முதல் வாரம் மழையைத்தான் போட்டுக்கொண்டேன். கார்த்திகை மழை ஓட்டின் மேல் விழுவது போல இதமாக இருந்தது. நான்காம் நாள் இரவு, ஓர் இடத்தில் ஒரு சொட்டு மட்டும் சற்று அழுத்தமாக விழுவதைக் கவனித்தேன். சிறிது நேரத்தில் அதே சொட்டு மறுபடியும். எண்ணிப் பார்த்தேன், இருபத்தாறு நொடிக்கு ஒரு முறை. பதிவு செய்த மழைத்துண்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள், அந்த ஒட்டு விழும் இடம்தான் அது. அதன் பிறகு மழை காதில் விழவே இல்லை, அந்தச் சொட்டுக்காகக் காத்திருப்பது மட்டுமே நடந்தது. ஏற்கெனவே ஓர் ஒலியின் மேல் கவனம் சிக்கிக்கொண்டவருக்கு இன்னோர் ஒலிச் சிக்கலை விலைகொடுத்து வாங்கித் தரக்கூடாது. ஆகவே எத்தனை ஒலிகள் என்று பார்க்காமல், ஒலியைப் பெட்டியே அந்தந்த நொடியில் உருவாக்குகிறதா, பதிவைச் சுற்றி ஓட்டுகிறதா என்று கேட்டு வாங்குங்கள். என் பெட்டியில் மழையும் அலையும் பதிவுகள். வெண்ணிரைச்சலிலும் பழுப்பிரைச்சலிலும் இதுவரை ஒட்டு எதையும் என் காது கண்டுபிடிக்கவில்லை.

எவ்வளவு சத்தமாக வைப்பது என்பதில் நான் செய்த தவறுதான் பெரியது. காதிரைச்சல் கேட்காமல் போகும்வரை ஒலியைக் கூட்டினேன். அது முழுதாக மூழ்கியபோது கிடைத்த அமைதி எவ்வளவு பெரிது என்பதைச் சொற்களில் சொல்ல இயலாது. ஆனால் காலையில் பெட்டியை நிறுத்தியதும் இரைச்சல் முன்னிலும் முனைப்பாகக் கேட்டது. செவித்திறன் நிபுணர்தான் திருத்தினார். பெட்டியின் ஒலி காதிரைச்சலை மூடக்கூடாது, அதற்குச் சற்றே கீழே, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கேட்கும்படி இருக்க வேண்டும் என்றார். முழுக்க மூடிவிட்டால், எதைப் பொருட்படுத்தாமல் விடப் பழக வேண்டுமோ அதை மூளை கேட்கவே வாய்ப்பில்லை. கேட்காத ஒன்றுக்குப் பழகவும் முடியாது. காதிரைச்சல் ஆய்வாளர் யாஸ்ட்ரெபாஃப் 1990-ல் முன்வைத்த கோட்பாட்டின் வழியே வந்த பழக்குமுறை இது. இதைப் பெட்டியோடு வரும் கையேட்டில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. ‘காதிரைச்சலை முற்றிலும் நீக்கும்’ என்று மட்டும் அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். இந்தப் பெட்டி எதையும் நீக்காது. நீக்கும் என்று நம்பி வாங்கும் ஒரு பிள்ளை, பத்தாம் நாள் அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தனக்கு விடிவே இல்லை என்று முடிவு கட்டிவிடக்கூடும் என்பதால்தான் அந்த ஒரு வரியின் மேல் எனக்கு இவ்வளவு கோபம்.

நிபுணர் சொன்ன அளவுக்குக் குறைக்கப் போனால் அடுத்த சிக்கல். ஒலி அளவு எட்டுப் படிகளில் ஏறுகிறது. முதல் படியே என் காதிரைச்சலுக்கு மேல் நிற்கிறது. சமையலறைத் துண்டு ஒன்றை நான்காக மடித்துப் பெட்டியின் மேல் போர்த்தி, அதைத் தலையணையிலிருந்து நான்கடி தள்ளி ஜன்னல் விளிம்பில் வைத்தபிறகே சரியான அளவு கிடைத்தது. துண்டு கூர்மையான ஒலிகளைக் கொஞ்சம் விழுங்கிவிடுவதும் நல்லதாகவே அமைந்தது. எட்டாம் படி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. ஓரடித் தொலைவில் கைபேசிச் செயலியால் அளந்தபோது 78 டெசிபல் காட்டியது. செயலியின் அளவு துல்லியமானது இல்லை என்றாலும், குழந்தைகளுக்கான கேட்பு வரம்பாக உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருப்பது 75 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதை நினைத்துப் பாருங்கள். இரவெல்லாம் ஓடும் பெட்டி வாரத்துக்கு ஐம்பது மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

தூங்குவதற்கான நேரக்கணிப்பு (டைமர்) முப்பது, அறுபது, தொண்ணூறு நிமிடங்கள். முடிந்ததும் கத்தியால் அறுத்தது போலச் சட்டென்று நிற்கும், அந்த வெறுமையில் விழித்துக்கொள்வேன். நேரக்கணிப்பைத் தொடாமல் விடியும்வரை ஓடவிடுவதே மேல்.

பெட்டியின் நெற்றியில் நீல விளக்கு ஒன்று எரிகிறது. இதை வடிவமைத்தவர் காதை மட்டும் நினைத்திருக்கிறார். காதிரைச்சலோடு எங்களைப் போன்ற கண்ணும் சேர்ந்திருக்கும் ஒருவரை நினைக்கவில்லை. எனக்கு ஓர் உருவத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பினால் அதன் நிழல் சில நொடிகள் கூடவே வரும். இருட்டறையில் ஒரே ஒரு நீலப்புள்ளி எரிந்தால், நான் திரும்பும் பக்கமெல்லாம் சுவரில் மஞ்சளாக ஒரு புள்ளி. அது மங்குவதற்குள் அடுத்தது. அவற்றுக்கு அடியில் ஓயாமல் கொதிக்கும் பொடிப்புள்ளிகள். முதல் இரவே எழுந்து, மின்கம்பிகளுக்குச் சுற்றும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டினேன். பதினான்கு மாதமாக அது அப்படியே இருக்கிறது.

இவ்வளவு குறை சொல்லியும் இதை ஏன் வைத்திருக்கிறேன் என்றால், மின்வெட்டுக்காக. எங்கள் ஊர் திருவாரூர் பக்கம். காற்றும் மழையும் வந்தால் முதலில் போவது மின்சாரம். நள்ளிரவில் மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நிற்கும் அந்த அரை நிமிடம், இருக்கிற பயங்களிலேயே பெரிதாக இருந்தது எனக்கு. இறக்கை ஓசை தேயத் தேயக் காதிலிருப்பது ஏறும். பெட்டிக்குள் மின்கலம் இருப்பதால் இப்போது மின்விசிறி நின்றாலும் அது நிற்பதில்லை. வியர்வையில் விழித்துக்கொள்கிறேன், பயத்தில் விழிப்பதில்லை. கைபேசியில் இலவசமாகவே இரைச்சல் ஒலிகள் கிடைக்கின்றன. ஆப்பிள் கைபேசிகளில் 2021 முதல் பின்னணி ஒலி வசதி உள்ளேயே இருக்கிறது. மைநாய்ஸ் என்ற தளத்தில் ஒவ்வொரு அலைவரிசையையும் நாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஒலியின் தரத்தில் அவை என் பெட்டியை வென்றுவிடும். முதலில் அவற்றை ஒரு மாதம் முயன்று பாருங்கள் என்றே சொல்வேன். இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் கலைந்த ஒருவரின் கைக்கெட்டும் இடத்தில் கைபேசி இருக்கலாமா என்பதை மட்டும் அவரவர் வீட்டில் முடிவு செய்துகொள்ளுங்கள். என் வீட்டில் வேண்டாம் என்று முடிவானது, நானும் அதில் சேர்ந்தே முடிவெடுத்தேன்.

பலன் என்ன என்று எண்ணில் கேட்பவர்களுக்கு: காதிரைச்சல் ஒருவரை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்க 25 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாள் உண்டு, மொத்தம் நூறு மதிப்பெண், கூடக் கூடப் பாதிப்பு அதிகம். பெட்டி வாங்குவதற்கு முன் எனக்கு 58. சென்ற மாதம் 32. இதில் பெட்டியின் பங்கு எவ்வளவு என்று நேர்மையாகப் பிரித்துச் சொல்ல முடியாது. இடையில் உளவியல் ஆலோசகரிடம் பத்து அமர்வுகள் சென்றேன், தேர்வும் முடிந்துவிட்டது. அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர்களின் அமைப்பு 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், ஓயாது தொல்லைதரும் காதிரைச்சலுக்கு, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத்தான் பரிந்துரையாகவே சொல்லியிருக்கிறார்கள்; ஒலிச் சிகிச்சை, முயன்று பார்க்கலாம் என்ற இடத்தில்தான் இருக்கிறது. ஜிங்கோ என்ற மூலிகை, மெலட்டோனின், துத்தநாகம் முதலிய துணைமருந்துகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றும் அதிலேயே இருக்கிறது. இதைப் படிப்பதற்கு முன் ஓராண்டு ஜிங்கோ மாத்திரை வாங்கித் தின்ற செலவு, இந்தப் பெட்டியைப் போல நான்கு மடங்கு.

எண்ணைவிட எனக்கு உறைத்தது வேறு. நோய் தொடங்கிய நாள் முதல் அம்மா தினமும் காலையில் காபியைக் கையில் கொடுத்துக்கொண்டே, “பாப்பா, சத்தம் இப்ப கேக்குதா?” என்று கேட்பார். அக்கறைதான், ஆனால் கேட்ட நொடியே கவனம் அங்கே போய்விடும். பெட்டி வந்த ஐந்தாம் மாதம் ஒரு காலையில் அப்படிக் கேட்டபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நின்று, காதைத் தீட்டி, தேடிப் பார்த்துத்தான், “கேக்குதும்மா” என்றேன். சத்தம் துளியும் குறையவில்லை. நான் அதைத் தேட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அன்றைக்குப் பிறகு அம்மா கேட்பதை நிறுத்திவிட்டார். 1953-ல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், செவித்திறன் குறையே இல்லாத எண்பது பேரை ஒலி புகாத அறையில் தனித்தனியே உட்காரவைத்தபோது, அவர்களில் நூற்றுக்கு 94 பேர் விகிதத்தில் ஏதோ ஓர் ஒலி கேட்பதாகச் சொன்னார்கள். அமைதியில் ஏதாவது கேட்பது பெரும்பாலான காதுகளின் இயல்பு என்று அறிந்ததும், அந்தக் காலையும் சேர்ந்துதான் என் பயத்தைக் குறைத்தன. பெட்டி அதற்கான இரவுகளைக் கொடுத்தது.

வாங்குவதற்கு முன் ஒரு வேண்டுகோள். ஒரு காதில் மட்டும் இரைச்சல் கேட்டால், நாடித்துடிப்போடு சேர்ந்து துடித்தால், திடீரென்று கேட்கும் திறன் குறைந்தால், பெட்டியைத் தேடாதீர்கள். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். கண்ணிலும் அப்படியே: திடீரென்று புதிதாகக் கரும்பொட்டுகள் பெருகுவதும் மின்னலடிப்பதும் திரை விழுந்தது போல் ஒருபக்கம் மறைவதும் விழித்திரை பிரிவதன் அறிகுறியாக இருக்கலாம், அதற்கும் விஷுவல் ஸ்னோவுக்கும் தொடர்பில்லை. அதுபோலவே, காய்ச்சிய பூண்டு எண்ணெயைக் காதில் ஊற்ற யாரையும் அனுமதிக்காதீர்கள். ஆத்தா அன்போடுதான் ஊற்றினார். காது அடைத்து ஒரு வாரம் வெளிச்சத்தம் குறைந்ததில் உள்சத்தம் இரட்டித்தது.

இளஞ்சிவப்புக் கண்ணாடிக்கு வருகிறேன். எஃப்எல்-41 என்ற நிறம் புதிதன்று. ஒற்றைத்தலைவலி உள்ள பிள்ளைகளுக்கு இது உதவுவதாக இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் நடந்த ஆய்வு 1991-லேயே வந்துவிட்டது. கண்ணைக் கூசவைக்கும் நீலப்பச்சை ஒளியில் ஒரு பகுதியை இது தடுக்கிறது. ட்யூப்லைட்டுக்குக் கீழே, வெள்ளைப் பலகைக்கு எதிரே, மாலைவரை உட்காரும் மாணவருக்கு இதன் பயன் முதல் மணி நேரத்திலேயே தெரியும். புருவத்துக்கு மேல் நாள்முழுக்க இருந்த இறுக்கம் எனக்குத் தளர்ந்தது. வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் இருட்டறையில் படுக்கும் வழக்கம் நின்றுபோனது. அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். புள்ளிகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. இளஞ்சிவப்புச் சுவரில் அதே புள்ளிகள் கொதித்தன. விற்பனைப் பக்கத்தில் ‘விஷுவல் ஸ்னோவுக்குத் தீர்வு’ என்று போட்டிருப்பது பொய்.

வேதியியல் செய்முறையில்தான் இந்தக் கண்ணாடி என்னைக் கைவிட்டது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, கூம்புக்குடுவையில் முதல் வெளிர் இளஞ்சிவப்பு நிலைத்ததும் நிறுத்த வேண்டும். இளஞ்சிவப்புக் கண்ணாடி வழியே குடுவைத் தண்ணீர் தொடக்கம் முதலே இளஞ்சிவப்புதான். நிறம் வந்ததாக நான் அறிந்தபோது அது ஊதாவாகியிருந்தது. அளவு ஒன்றரை மில்லிலிட்டர் தாண்டிவிட்டது. இரண்டாம் முறை கண்ணாடியைக் கழற்றி வைத்து, குடுவைக்கு அடியில் வெள்ளைத்தாளை விரித்துக்கொண்டேன். வெள்ளைத்தாளில் புள்ளிகள் மொய்த்தன. அவற்றின் ஊடாகவே நிறம் மாறுவதைக் கண்டுபிடித்தேன். செய்முறைத் தேர்விலும் அப்படியே செய்தேன். நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கும் எந்த வேலைக்கும், இரவில் வண்டி ஓட்டுவதற்கும், இந்தக் கண்ணாடி ஆகாது.

இன்னொன்று, நன்றாக இருக்கிறதே என்று முதல் மாதம் விழித்திருந்த நேரமெல்லாம் போட்டுக்கொண்டேன். கழற்றினால் சாதாரண வெளிச்சமே அடித்தது போலக் கூசத் தொடங்கியது. மங்கிய ஒளிக்குக் கண் பழகிவிடுவதால் அப்படி ஆகும், வீட்டுக்குள் இடைவிடாமல் அணியக்கூடாது என்று நரம்பியல் மருத்துவர் சொன்ன பிறகு, வகுப்பறைக்கும் கணினித்திரைக்கும் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். பார்வைப் பவரோடு சேர்த்துச் செய்யும்போது விலை கூடிவிடுகிறது. பவர் மாறினால் மறுபடி முழுச்செலவு. உள்ளூர்க் கண்ணாடிக்கடையில் வெறும் இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றித் தருவதாகச் சொன்னார்கள்; வெறும் சாயத்தில் எந்த அலைநீளம் எவ்வளவு குறைகிறது என்ற அளவுத்தாள் கிடைக்காது. அளவுத்தாள் தராத இடத்தில் வாங்காதீர்கள்.

விடுதிக்குப் போகும்போது பெட்டியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டேன். அறையில் நான்கு பேர். முதல் இரவே, எனக்குக் காதில் இப்படி ஒன்று இருக்கிறது, இரவில் இது ஓடும், தொந்தரவாக இருந்தால் சொல்லுங்கள் என்று நேரடியாகச் சொல்லிவிட்டேன். துண்டு போர்த்திய முதல் படி ஒலி, எதிர்க்கட்டில்வரைகூடச் சரியாகப் போவதில்லை; ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

மின்கலம் மட்டும் ஓராண்டில் தளர்ந்துவிட்டது. பத்து மணி நேரம் என்று எழுதியிருந்தது. புதிதில் எட்டு வந்தது. பதிமூன்றாம் மாதம் மூன்றுக்கு இறங்கி, விடியற்காலையில் என்னைக் கைவிடத் தொடங்கியது. உத்தரவாதம் பன்னிரண்டு மாதத்துக்கே என்று நிறுவனத்தார் கைவிரித்துவிட்டார்கள். கல்லூரி வாசலில் கைபேசி பழுதுபார்க்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அடியில் இருந்த நான்கு திருகாணிகளைக் கழற்றி, அதே அளவில் வேறொரு மின்கலத்தைப் பற்றவைத்துத் தந்தார். 280 ரூபாய் ஆனது. நீல விளக்கின் கம்பியையும் அறுத்துவிடட்டுமா என்று அவரே கேட்டார். அறுத்துவிடச் சொன்னேன். இப்போது எட்டரை மணி நேரம் நிற்கிறது.